நாலு மணிப் பசிக்கு எதைக் கொடுப்பது: கடை பிஸ்கெட்டா, வீட்டுப் பலகாரமா?

எல்லைப்பாலம் (வேலந்தாவளம்)

எல்லாருக்கும் வணக்கங்க. பெரியவளுக்கு ஒன்பது வயது, சின்னவனுக்கு ஆறு. நான் காலை ஏழேகால் பஸ்ஸில் கோவைக்கு வேலைக்குப் போனால் திரும்பி வர இரவு ஏழு ஆகிவிடும். பிள்ளைகள் நாலு மணிக்குப் பள்ளி விட்டு வருவார்கள். வீட்டில் அவர்கள் அப்பத்தா இருக்கிறார். முட்டி வலி, அடுப்படியில் நிற்க முடியாது. அதனால் டப்பாவைத் திறந்து பிஸ்கெட் எடுத்துக் கொடுத்துவிடுவார்.

போன வாரம் குப்பைக் கூடையைக் கொட்டும்போது எண்ணிப் பார்த்தேன். க்ரீம் பிஸ்கெட் கவர் மட்டும் ஆறு. பெரியவள் ராத்திரி சோற்றை அளைந்துவிட்டு எழுந்து போகிறாள். பள்ளிக்குப் பல் பார்க்க வந்த டாக்டர், சின்னவனுக்கு மூன்று சொத்தை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்தக் காகிதத்தை பஸ்ஸில் உட்கார்ந்து நாலு தடவை படித்தேன்.

எங்கள் அம்மிச்சி இருந்தவரை கச்சாயம், பொரி உருண்டை, எள்ளுருண்டை என்று டின்னில் ஏதாவது இருந்துகொண்டே இருக்கும். அதுபோல நானும் செய்ய ஆசைப்படுகிறேன். கையில் இருப்பது ஞாயிறு ஒரு நாள்தான். வீட்டில் செய்தால் பிள்ளைகள் உடம்புக்கு நிஜமாகவே நல்லதா, நம் மனசுக்குத்தான் ஆறுதலா? வாரம் முழுக்கக் கெடாமல் இருக்கிற மாதிரி எதைச் செய்யலாம்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்க.

குமரி_மைனி (களியக்காவிளை)

யோசிக்கவே வேண்டாம், முந்திரிக்கொத்து செய்யுங்கள். எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடிந்து பெண்ணை அனுப்பும்போது டின் டின்னாகக் கொடுத்துவிடுவோம். இரண்டு வாரம் வரை கெடாது. முந்திரிப்பருப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கொடிமுந்திரிக் (திராட்சை) குலை மாதிரி மூன்று உருண்டைகள் ஒட்டிக்கொண்டு இருப்பதால் அந்தப் பெயர்.

அரைக் கிலோ சிறுபயறை வாசம் வரும்வரை வறுத்து, கொஞ்சம் கொரகொரப்பாகத் திரித்துக்கொள்ளுங்கள். ஒரு தேங்காயைத் துருவி, ஈரம் துளியும் இல்லாமல் சிவக்க வறுக்க வேண்டும். இந்த இடத்தில் அவசரப்பட்டால் மூன்றாம் நாளே சிக்கு வாடை வந்துவிடும். வறுத்த எள் 50 கிராம், ஏலக்காய், சுக்கு. சர்க்கரை 400 கிராம் எடுத்துக் கரைத்து, மண் போக வடிகட்டி, கம்பிப் பாகாகக் காய்ச்சி, மாவில் கொட்டிக் கிளறி, சூடு பொறுக்கும் பதத்தில் உருட்டுங்கள். சுமாராக 45 உருண்டை வரும். ஒரு ராத்திரி காயவிட்டு, மறுநாள் பச்சரிசி மாவும் கொஞ்சம் மைதாவும் மஞ்சளும் கரைத்த மாவில் மும்மூன்றாக முக்கி, தேங்காய் எண்ணெயில் பொரித்தெடுங்கள்.

பயறும் தேங்காயும் எள்ளும் சேர்ந்த பண்டம் இது. சீனி கிடையாது என்பதால் பிள்ளைகள் எவ்வளவு தின்றாலும் ஒன்றும் செய்யாது. பிஸ்கெட்டில் என்ன இருக்கிறது, மைதாவைத் தவிர?

மீனாட்சிபுரம்_அப்பா

அக்கா, ஒரு சந்தேகம். சீனி கிடையாது என்கிறீர்கள், சர்க்கரை 400 கிராம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். எது?

குமரி_மைனி (களியக்காவிளை)

தம்பி, எங்களுக்குச் சர்க்கரை என்றால் வெல்லம். வெள்ளையாக இருப்பது சீனி. மலையாளத்திலும் சர்க்கர என்றால் வெல்லம்தான், வெள்ளைக்குப் பஞ்சசார என்பார்கள். கோயம்புத்தூர்ப் பக்கம் சர்க்கரை என்றால் வெள்ளைச் சர்க்கரை என்பதை மறந்தே போனேன். வெல்லம் அல்லது கருப்பட்டி என்று படித்துக்கொள்ளுங்கள்.

செவிலிப்பெண் (பாலக்காடு)

மைனி, உங்கள் செய்முறையை அம்மாவுக்கு அனுப்பிவிட்டேன். ஆனால் "எவ்வளவு தின்றாலும் ஒன்றும் செய்யாது" என்பதை நான் விட முடியாது. தினமும் சர்க்கரை நோயாளிகளைப் பார்க்கிறவள் நான். கரும்புச் சாற்றைக் காய்ச்சித்தான் வெல்லம் எடுக்கிறோம். அதில் பெரும்பகுதி, நூறில் எண்பதுக்கு மேல், சர்க்கரைதான். இரும்புச்சத்து கொஞ்சம் உண்டு, ஆனால் அதை நம்பி வெல்லத்தைத் தின்றால் இரும்பு சேருவதற்கு முன் சர்க்கரை சேர்ந்துவிடும்.

உங்கள் அளவையே கணக்குப் போடுவோம். 400 கிராம் வெல்லத்தை 45 உருண்டையாகப் பிரித்தால் ஒன்றுக்கு ஏறக்குறைய 9 கிராம். மூன்று ஒட்டிய ஒரு கொத்தைக் கையில் கொடுத்தால் 27 கிராம் வெல்லம். உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்ன அளவு என்னவென்றால், நாம் சேர்க்கிற இனிப்பு அன்றைய மொத்த கலோரியில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது. 2000 கலோரி சாப்பிடும் பெரியவருக்கே அந்த 5 சதவீதம் 25 கிராம்தான். ஆறு வயதுப் பிள்ளைக்கு இன்னும் குறைவு.

இப்போது பிஸ்கெட். சாதாரண குளுக்கோஸ் பிஸ்கெட்டில் 100 கிராமுக்குச் சுமார் 25 கிராம் சர்க்கரை. 50 கிராம் பாக்கெட்டை முழுசாகத் தின்றால் 12 கிராம் சொச்சம். க்ரீம் பிஸ்கெட்டில் 100-க்கு 35 கிராமை எளிதாகத் தாண்டும். ஆக, சர்க்கரையை மட்டும் பார்த்தால் ஒரு முழுக் கொத்து ஒரு குளுக்கோஸ் பாக்கெட்டைப் போல கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

அதற்காகப் பிஸ்கெட் ஜெயித்துவிட்டது என்று சொல்ல வரவில்லை. அரைக் கிலோ பயறில் 120 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது. அதனால் ஒரே ஒரு உருண்டையிலேயே இரண்டரை கிராமுக்கு மேல் புரதம், கூட நார்ச்சத்து. தின்ற பிள்ளைக்குப் பசி அடங்கும். பிஸ்கெட் வாயில் கரைந்து போய்விடும், கை மறுபடி பாக்கெட்டுக்குள் போகும். எல்லைப்பாலம் அக்கா, உங்கள் மகள் ராத்திரி சாப்பிடாததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். கொத்தாகப் பொரிக்காமல் தனி உருண்டையாகப் பொரித்து, ஆளுக்கு ஒன்று கொடுங்கள்.

பல் விஷயத்தில் இன்னும் ஒன்று. எவ்வளவு இனிப்பு என்பதைவிட எத்தனை தடவை என்பது முக்கியம். நாலு மணிக்கு ஒன்று, ஐந்துக்கு ஒன்று, டிவி பார்க்கும்போது இரண்டு என்று போனால் வாய் ஓயாமல் புளித்துக்கொண்டே இருக்கும். கடைவாய்ப் பல் குழியில் பிஸ்கெட் மாவும் ஒட்டும், பாகும் ஒட்டும். எதைக் கொடுத்தாலும் ஒரே தடவையாகக் கொடுத்து, வாய் கொப்பளிக்க வைத்து, டப்பாவை மூடிவிடுங்கள்.

ரொட்டிஅடுப்பு (கம்பம், வேலை குமுளியில்)

நான் பேக்கரியில் இருபது வருஷமாக அடுப்பு முன் நிற்கிறவன். "மைதாவைத் தவிர என்ன இருக்கிறது" என்று மைனி கேட்டதற்கு பதில் சொல்லத் தோன்றுகிறது.

பிஸ்கெட் மாவில் தண்ணீர் மிகக் குறைவாகத்தான் சேர்ப்போம். சர்க்கரையும் கொழுப்பும்தான் மாவை இளக்கமாகப் பிடிக்கும். சுட்டு எடுக்கும்போது ஈரம் 5 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். ஈரம் இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்காது. பாக்கெட் மாதக்கணக்கில் நிற்பதற்கு முக்கியக் காரணம் அதுதான், ஏதோ விஷம் கலக்கிறார்கள் என்பதல்ல. பின்பக்கம் 500, 503 என்று எண் போட்டிருப்பது சோடா உப்பும் அம்மோனியா உப்பும். அம்மோனியா உப்பு அடுப்புச் சூட்டில் வாயுவாகப் பறந்துவிடும். மெல்லிய பண்டத்துக்குத்தான் அது சரிப்படும். தடித்த கேக்கில் போட்டால் வாடை உள்ளேயே தங்கிவிடும்.

எண்களைப் பார்த்து பயப்படுவதைவிட வரிசையைப் பாருங்கள். எடையில் எது அதிகமோ அதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்பது சட்டம். பெரும்பாலான பாக்கெட்டில் மைதா, சர்க்கரை, பாமாயில் என்று அதே மூன்று பெயர்தான் முதலில் வரும். முன்பக்கம் ராகி, ஓட்ஸ், கோதுமை என்று கொட்டை எழுத்தில் இருந்தால் பின்பக்கம் அது எத்தனை சதவீதம் என்று தேடுங்கள். நல்ல பெயர் வைத்த பாக்கெட்டிலும் மைதாவே முதலில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு விஷயத்தில் நிலைமை தேறியிருக்கிறது. முன்பு வனஸ்பதி இல்லாமல் பிஸ்கெட்டே இல்லை. 2022 ஜனவரி 1 முதல், வனஸ்பதியில் இருக்கிற கெட்ட கொழுப்பான டிரான்ஸ் கொழுப்பு, மொத்தக் கொழுப்பில் 2 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி கொண்டுவந்துவிட்டது. பாமாயில் கொழுப்பில் பாதி நிறைகொழுப்பு என்பது மட்டும் மாறவில்லை.

எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்துக்கும் பிஸ்கெட்டுக்கும் பழைய உறவு. 1880-ல் மாம்பள்ளி பாபு என்பவர் தலச்சேரியில் பிஸ்கெட் ஆலை தொடங்கினார். அதற்கு அடுத்து 1883-ல் அங்கேயே கிறிஸ்துமஸ் கேக்கும் சுட்டார். நான் தொழில் கற்றதும் தலச்சேரிக்காரர் ஒருவரிடம்தான். அதனால் பிஸ்கெட்டைக் கேவலமாகப் பேசினால் எனக்கு வலிக்கும். என் பிள்ளைகளுக்கும் கொடுக்கிறேன், இரண்டு எண்ணி.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். "வீட்டுப் பலகாரம்" என்று சீட்டு ஒட்டி விற்பதை வாங்கும்போது கவனம். பண்டிகைக்கு அவசரத்தில் ஒரு கடையில் அச்சு முறுக்கு வாங்கிப் போனேன். தேதி இல்லை, பிரித்ததும் காறல் எண்ணெய் வாடை. மகள் தின்றுவிட்டு ராத்திரி முழுக்க வாந்தி. பாக்கெட் பிஸ்கெட்டிலாவது தேதி இருக்கும், யாரைக் கேட்பது என்று தெரியும்.

கொழுந்துக்கூடை (வண்டிப்பெரியாறு)

இதையெல்லாம் படிக்கப் படிக்க என் அம்மா ஞாபகம் வந்து அழுதுவிட்டேன். தேயிலை எஸ்டேட் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) வளர்ந்தவள் நான். அம்மா காலையில் கூடை மாட்டிக்கொண்டு கொழுந்தெடுக்கப் போனால் சாயங்காலம் கொழுந்தை எடை போட்ட பிறகுதான் வருவார். விரலெல்லாம் கறை. வந்ததும் தண்ணீர் பிடிக்கணும், விறகு பார்க்கணும். எங்களுக்குப் பலகாரம் என்றால் தீபாவளி அதிரசம் மட்டும். மற்ற நாளில் கட்டன் சாயாவில் (பால் இல்லாத டீயில்) தோய்த்த பொறை ரொட்டி, இல்லாவிட்டால் குளுக்கோஸ் பிஸ்கெட். அந்தப் பாக்கெட்டை எனக்கும் தம்பிக்கும் எண்ணிப் பிரித்துக் கொடுத்துவிட்டு, அடியில் இருக்கிற தூளை அம்மா சாயாவில் கொட்டிக் குடிப்பார்.

வீட்டில் செய்வது நல்லதுதான். ஆனால் செய்ய நேரமும் விறகும் எண்ணெயும் கையில் பணமும் வேண்டும். பிஸ்கெட் கொடுத்த அம்மாக்கள் அக்கறை இல்லாதவர்கள் என்று யாரும் எழுதிவிடாதீர்கள். எல்லைப்பாலம் அக்கா, ஆறு கவரை எண்ணி வருத்தப்பட்டீர்களே, அந்த வருத்தம் வேண்டாம். நாலு மணிக்கு ஏதோ ஒன்று வயிற்றுக்குள் போக வழி பண்ணி வைத்திருக்கிறீர்கள்.

குமரி_மைனி (களியக்காவிளை)

கொழுந்துக்கூடை, உன் பதிவைப் படித்துவிட்டு கொஞ்ச நேரம் எழுத முடியவில்லை. நான் அப்படி நினைத்து எழுதவில்லை மக்களே, ஆனாலும் பிஸ்கெட்டைப் பற்றி நான் எழுதிய வரி அப்படிப் பட்டிருந்தால் மன்னித்துக்கொள். செவிலிப்பெண் சொன்ன கணக்கையும் ஒத்துக்கொள்கிறேன். எங்கள் வீட்டிலும் கொத்தை முழுசாக எடுத்துக் கொடுத்துத்தான் பழக்கம், இனிமேல் தனி உருண்டைதான். கருப்பட்டி வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: சீனியைக் கலந்து காய்ச்சியதும் சந்தையில் நிறைய வருகிறது. பனையேறுகிற குடும்பத்தில் நேராக வாங்க முடிந்தால் வாங்குங்கள்.

நகரி_நெசவு (நகரி, ஆந்திரம்)

நாங்கள் வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு. இங்கே பிள்ளைகளுக்குச் சுன்னுண்டலு என்று செய்வார்கள். எண்ணெயே தேவையில்லை, பொரிக்கவும் வேண்டாம். தோலோடு உளுந்து இரண்டு பங்கு, பிடி அரிசி, இரண்டையும் அடி பிடிக்காமல் நிதானத் தீயில் வறுத்துத் திரித்து, ஒன்றரைப் பங்கு வெல்லத்தைத் தூளாக்கிக் கலந்து, உருக்கிய நெய் விட்டுப் பிடிக்க வேண்டியதுதான். பாகு இல்லை, தேங்காய் இல்லை, ஈரம் இல்லை. டப்பாவில் மூன்று வாரம் நிற்கும். தறி ஓட்டுகிற வீட்டில் யாருக்கும் நேரம் கிடையாது, ஆனாலும் இதை ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுவோம். மாவைத் திரித்து வைத்துவிட்டால் உருட்டுவதைப் பிள்ளைகளே செய்வார்கள். இனிப்பு குறைய வேண்டும் என்றால் வெல்லத்தை ஒரு பங்காக்கி நெய்யைச் சற்று கூட்டுங்கள், பிடிபடும்.

பளீர் மஞ்சள் வெல்லம் வேண்டாம். வெளுப்பதற்கு ஹைட்ராஸ் என்கிற ரசாயனம் போடுகிறார்கள். கறுத்ததைக் கேட்டு வாங்குங்கள்.

மறையூர்ச்சாரல்

கறுத்த வெல்லம் என்றதும் எங்கள் ஊர் உருண்டையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மறையூர் சர்க்கரைக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆலைக் கொட்டகையில் காய்ச்சி, சூட்டோடு கையில் உருட்டுவார்கள். உடுமலைப்பேட்டையிலிருந்து மூணாறு ரோட்டில் வருகிறவர்கள் கொட்டகையிலேயே வாங்கலாம். உப்புக் கரிக்காது. வேறு ஊர் வெல்லத்தை மறையூர் என்று சொல்லி விற்கிறவர்களும் உண்டு, அதனால் காய்ச்சுகிற இடத்தில் வாங்குவது நல்லது.

மீனாட்சிபுரம்_அப்பா

எல்லாரும் அம்மா எப்போது செய்வார் என்றே பேசுகிறோம். எங்கள் வீட்டில் ஞாயிறு அடுப்பு என்னுடையது. மனைவிக்கு ஆஸ்பத்திரியில் ஷிப்ட் வேலை. எனக்கும் முதலில் ஒன்றும் தெரியாது, பொட்டுக்கடலை உருண்டையில் ஆரம்பித்தேன். எல்லைப்பாலம் அக்கா, உங்கள் வீட்டுக்காரரும் ஞாயிறு வீட்டில் இருப்பார்தானே? பயறு வறுக்கிற வேலையை அவரிடம் கொடுங்கள். அடுப்பு முன் நாற்பது நிமிஷம் கிண்டிக்கொண்டே நிற்பதற்குப் பெரிய கைப்பக்குவம் தேவையில்லை, பொறுமை போதும்.

என் சின்ன மகளுக்கு இரண்டு வயது. அங்கன்வாடியில் அமிர்தம் பொடி தருகிறார்கள், குடும்பஸ்ரீ என்கிற கேரள மகளிர் குழுப் பெண்கள் தயாரிப்பது. கோதுமை, கடலைப்பருப்பு, நிலக்கடலை, சோயா, சர்க்கரை எல்லாம் அதிலேயே இருக்கிறது. கூழாகக் காய்ச்சிக் கொடுத்தால் துப்புகிறாள். லேசாக வறுத்து நெய் விட்டு நெல்லிக்காய் அளவு உருட்டிக் கொடுத்தால் தின்றுவிடுகிறாள்.

செலவையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் செய்தால் மலிவு என்று நினைத்துத் தொடங்காதீர்கள். பயறு, நெய், எள், ஏலக்காய் எல்லாம் சேர்ந்தால் பிஸ்கெட்டைவிட அதிகம்தான் வருகிறது. அதுவும் 2025 செப்டம்பர் 22 முதல் பிஸ்கெட்டுக்கு ஜிஎஸ்டி 18-லிருந்து 5 சதவீதமாகிவிட்டது. நான் செய்வது காசு மிச்சம் பிடிக்க இல்லை. ஒரு உருண்டையோடு பிள்ளை எழுந்து விளையாடப் போய்விடுகிறது, அதற்காக.

எல்லைப்பாலம் (வேலந்தாவளம்)

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிச்சுக்குங்க. நீங்கள் எழுதியதை எல்லாம் பஸ்ஸில்தான் படித்தேன். கொழுந்துக்கூடை எழுதியதை மட்டும் வீட்டில் சத்தமாக வாசித்தேன். அப்பத்தா கேட்டுவிட்டு, "நானும் அப்படித்தான் வளர்த்தேன்" என்றார், வேறொன்றும் பேசவில்லை.

முதல் ஞாயிறு சுன்னுண்டை. பயறுக்குப் பதில் உளுந்தை வறுக்கச் சொல்லி வீட்டுக்காரரிடம் கரண்டியைக் கொடுத்தேன். கொஞ்சம் கருகிற்று, ஆனால் நன்றாகவே வந்தது. வெல்லம் ஒரு பங்குதான் போட்டேன். பெரியவள் உருட்டினாள். அப்பத்தா நாற்காலியில் உட்கார்ந்தபடியே நெய் விட்டார், எவ்வளவு விட வேண்டும் என்று அவருக்கு அளவே தேவைப்படவில்லை. நாலு மணிக்கு ஆளுக்கு ஒன்று, கூட ஒரு பழம், பிறகு வாய் கொப்பளிப்பது. சின்னவன் முதல் இரண்டு நாள் பிஸ்கெட் கேட்டு அழுதான். மூன்றாம் நாள் அழவில்லை என்று அப்பத்தா சொன்னார். பெரியவள் ராத்திரி இரண்டாம் தடவை ரசம் சோறு கேட்டாள். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

பிஸ்கெட்டை அடியோடு நிறுத்தவில்லை. க்ரீம் வாங்குவதை விட்டாச்சு. சின்ன குளுக்கோஸ் பாக்கெட் இரண்டு பையில் கிடக்கிறது, பஸ் தாமதமாகும் நாளுக்கு. ரொட்டிஅடுப்பு அண்ணா சொன்னபடி எண்ணித்தான்.

இந்த ஞாயிறு தைரியம் வந்து முந்திரிக்கொத்தில் கை வைத்தேன். பாகு காய்ச்சும்போது போன் வந்தது, திரும்பிப் பார்ப்பதற்குள் பதம் தாண்டிவிட்டது. மாவில் கொட்டிக் கிளறியதும் கல் மாதிரி இறுகிப்போய்விட்டது. உருட்டவே முடியவில்லை. அரைக் கிலோ பயறு, ஒரு முழுத் தேங்காய். மைனி, இதை ஏதாவது செய்ய முடியுமா, கொட்ட வேண்டியதுதானா?

குமரி_மைனி (களியக்காவிளை)

கொட்டாதீர்கள்! பாகை விரலில் தொட்டு இழுத்தால் கம்பி விட வேண்டும், தண்ணீரில் போட்டு உருண்டை கட்டிவிட்டால் கொத்துக்கு ஆகாது. அடுத்த தடவை தீயை அணைத்துவிட்டுப் போனை எடுங்கள். இப்போது அந்தக் கட்டியை உரலில் போட்டோ சப்பாத்திக் கட்டையால் தட்டியோ பொடித்து டப்பாவில் போட்டு வையுங்கள். ஈரக் கை படக்கூடாது. நாலு மணிக்கு ஒரு பூவன் பழத்தைப் பிசைந்து இரண்டு ஸ்பூன் பொடி தூவிக் கொடுங்கள். எங்கள் வீட்டில் சில நேரம் இதற்காகவே உருட்டாமல் வைப்பதுண்டு.

எல்லைப்பாலம் (வேலந்தாவளம்)

இடித்தாச்சு மைனி. பெரிய டப்பா நிறைய வந்திருக்கிறது, அப்பத்தா கட்டையால் தட்டிக் கொடுத்தார். பழம் வாங்க வீட்டுக்காரர் கடைக்குப் போயிருக்கிறார், சின்னவனும் கூடப் போயிருக்கிறான்.